வன்முறையையும் பாதுகாப்பையும் ஆராயும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆராய்ச்சி, அரசு நலிந்துபோன நாடுகளில் நடக்கும் வன்முறையைப் பற்றி. சோமாலியா, காங்கோ, தெற்கு சூடான், மியான்மர் என்று பேர் சொன்னாலே போதும், கேள்விகள் வரிசையாக வரும். மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பத்திரிகைக்காரர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று எல்லாரும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

மேடம், நீங்கள் சரியாக என்னதான் ஆராய்ச்சி செய்கிறீர்கள்?

ராத்திரி கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு வியாபாரிக்கு யார் பாதுகாப்பு? அதற்காக அவர் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்? தகராறு என்று வந்தால் யாரிடம் போய் நிற்கிறார்? இவ்வளவுதான். சென்னையில் இதைக் கேட்டால் காவல் நிலையம், கோர்ட் என்பார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் குரலைத் தாழ்த்தி வட்டச் செயலாளர் பேரையும் சொல்வார்கள். கிழக்குக் காங்கோவில் கேட்டால் பட்டியல் நீளும்: அரசு ராணுவம், இரண்டு மூன்று கிளர்ச்சிப் படைகள், ஊர்த் தலைவர், சுரங்கக்காரரின் ஆட்கள். இவர்களில் யார் எப்போது துப்பாக்கியைத் தூக்குகிறார்கள் என்பது ஆராய்ச்சியில் ஒரு பாதி. பெரும்பாலான நாட்களில் ஏன் தூக்காமலே இருக்கிறார்கள் என்பது மறுபாதி. எனக்கு இந்த இரண்டாவது பாதியில்தான் ஆர்வம் அதிகம்.

நலிந்த அரசு என்று ஒரு நாட்டை யார் முடிவு செய்கிறார்கள்?

பல பேர் பட்டியல் போடுகிறார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த ‘ஃபண்ட் ஃபார் பீஸ்’ என்ற அமைப்பு 2005 முதல் ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியிடுகிறது. 12 அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், மொத்தம் 120. பரீட்சைக்கு நேர்மாறாக இங்கே மதிப்பெண் கூடக் கூட நிலைமை மோசம். முதலில் ‘தோல்வியடைந்த அரசுகள்’ பட்டியல் என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். பலரும் முகம் சுளித்ததால் 2014-இல் ‘நலிந்த அரசுகள்’ என்று மாற்றினார்கள். உலக வங்கியும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் மாட்டிக்கொண்ட நாடுகளே 2010-இல் ‘ஜி7 பிளஸ்’ என்று ஒரு குழு அமைத்து, எங்கள் நிலைமையை நாங்களே அளந்துகொள்கிறோம் என்று கிளம்பின. கிழக்குத் திமோர் அதில் முன்னணியில் நின்றது.

தரவரிசையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு நாட்டுக்கு ஒரே எண் போட்டுவிட்டால் தலைநகரும் எல்லை மாவட்டமும் ஒன்றாகிவிடும். அதுமட்டுமல்ல, ஓர் அரசு ஒரு காரியத்தில் பலமாகவும் இன்னொன்றில் சுத்தமாகக் கையாலாகாமலும் இருக்கும். மியான்மர் ராணுவத்தால் 2021 பிப்ரவரி 1 அன்று ஒரே காலையில் ஆட்சியைப் பிடிக்க முடிந்தது. எல்லை மாநிலங்கள் பலவற்றில் வரி வசூலிக்கவோ பள்ளிக்கூடம் நடத்தவோ பல பத்தாண்டுகளாக முடியவில்லை. இதற்கு 120-க்கு எத்தனை போடுவது?

அரசு இல்லாத இடத்தில் வெறும் குழப்பம்தானே இருக்கும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆளே இல்லாத வெற்றிடம் என்று ஒன்றை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து யாரும் கண்டதில்லை. நலிந்த நாடுகளில் இருக்கும் பிரச்சினை ஆளுபவர் இல்லை என்பதைவிட, ஆளுபவர்கள் அளவுக்கு மேல் இருக்கிறார்கள் என்பதுதான்.

ரோட்டில் போடும் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு மூங்கில், நாலு பேர், ஒரு துப்பாக்கி. 2017-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, காங்கோவின் வடக்கு, தெற்கு கிவு மாகாணங்களில் மட்டும் ஏறத்தாழ 800 தடுப்புகளைக் குறித்தது. அவற்றில் நிறைய அரசு ராணுவமும் அரசு ஊழியர்களும் போட்டவையே. சம்பளம் ஒழுங்காக வராத சிப்பாய்க்கு அந்தத் தடுப்புதான் சம்பளம். லாரிக்கு இவ்வளவு, சைக்கிளுக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கும். மேலதிகாரிக்கும் பங்கு போகும். குழப்பம் என்று சொல்வதற்கில்லை, அநியாயமான ஒரு ஒழுங்கு.

சோமாலியாவில் அல்-ஷபாப் என்ற ஆயுதம் தாங்கிய இஸ்லாமியவாத அமைப்பு லாரிக்காரர்களிடம் வரி வாங்கினால் ரசீது கொடுக்கும். அடுத்த தடுப்பில் அந்த ரசீதைக் காட்டினால் மறுபடி கேட்பதில்லை. அரசுப் படைகளின் தடுப்புகளிலோ ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அழவேண்டும். அல்-ஷபாப் கொலைகார இயக்கம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஏன் இத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறது என்று புரிய, குண்டுவெடிப்புச் செய்திகளைவிட அந்த ரசீது அதிகம் உதவும்.

நம் வாசகர்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. இலங்கையில் 2002 போர் நிறுத்தத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி திறந்தபோது அதில் போய்வந்தவர்கள், ராணுவத்தின் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் புலிகளின் சாவடியில் சாமான்களுக்கு வரி கட்டியதைச் சொல்வார்கள்.

அதே சோமாலியாவின் வடக்குப் பகுதி 1991-இல் சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்தது. பல பத்தாண்டுகளுக்கு உலகம் அங்கீகரிக்கவில்லை, உதவிப் பணமும் பெரிதாக வரவில்லை. குலப் பெரியவர்கள் 1993-இல் போராமா என்ற ஊரில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி ஓர் ஆட்சி முறையை உருவாக்கினார்கள். பிறகும் சண்டைகள் வந்தன. என்றாலும், வெளிநாட்டுப் படைகள் வந்து குவிந்த தலைநகர் மொகதிசுவைவிட அந்தப் பகுதி அமைதியாக இருந்திருக்கிறது.

இனம், மதம்தானே எல்லாச் சண்டைக்கும் மூல காரணம்?

சோமாலியாவில் பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே மதம். இந்தக் கேள்விக்கு அதுவே பாதி பதில். ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லெய்டின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1945 முதல் 1999 வரையான உள்நாட்டுப் போர்களை அலசி 2003-இல் எழுதினார்கள். பல இனம் வாழ்வதாலேயே ஒரு நாட்டில் போர் மூளும் என்று சொல்ல முடியாது, வறுமையும் அரசின் பலவீனமும் ஒளிந்துகொள்ள வசதியான மலைப்பகுதியும்தான் போருக்கு வழி செய்கின்றன என்றார்கள். பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தினார்கள்: எத்தனை இனம் இருக்கிறது என்பதைவிட, அதிகாரத்திலிருந்து எந்த இனத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார்கள். நான் இரண்டாவது கட்சி.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எப்படி ஆராய முடியும்?

கொஞ்சம் எரிச்சலூட்டும் கேள்வி. லண்டனில் உட்கார்ந்து செய்பவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

சென்னையில் பர்மா பஜார் ஏன் இருக்கிறது? பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியதில் பிழைப்பை இழந்து கப்பலேறிய தமிழர்களால். வியாசர்பாடியில் அவர்கள் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களின் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையில் பேச்சுக் கொடுத்தால், ஓர் அரசு ஒரு சமூகத்தை எப்படி வெளியே தள்ளுகிறது என்பதற்கு எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத தகவல் கிடைக்கும். கும்மிடிப்பூண்டியிலும் புழல் காவாங்கரையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்குக் குடியுரிமை இன்னும் கேள்விக்குறி. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அந்த முகாம்களில் அது முழு வாழ்க்கை.

இன்னொரு உதாரணம் எனக்குப் பிடித்தது. சோமாலியாவில் 1991-இல் அரசு சரிந்தது. கடற்கரையைக் காக்க ஆளில்லை. மீன்வளத்தை வெளிநாட்டுக் கப்பல்கள் அள்ளின, அப்புறம் கடற்கொள்ளை வளர்ந்தது. 2008 முதல் 2011 வரை அது உச்சத்தில் இருந்தது. கப்பல் நிறுவனங்கள் தனியார் துப்பாக்கிக் காவலர்களை ஏற்றின. ஆயுதத்தோடு துறைமுகத்துக்குள் போக முடியாதே, அதனால் நடுக்கடலில் ஆயுதக் கிடங்காகவே சில கப்பல்கள் மிதக்கத் தொடங்கின. அப்படி ஒன்றுதான் ‘சீமேன் கார்டு ஓஹியோ’. உரிமையாளர் அமெரிக்க நிறுவனம், கொடியோ சியரா லியோன் நாட்டுக் கொடி. 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே நம் கடலோரக் காவல்படை அதைப் பிடித்தது. உள்ளே இருந்தது 35 பேர். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை விதித்தது, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. அதில் இருந்த ஆறு பிரிட்டிஷ்காரர்களுக்கு அவர்கள் ஊர்ப் பத்திரிகைகள் வைத்த பேர் ‘சென்னை சிக்ஸ்’. காரணம், அவர்கள் இருந்தது சென்னைப் புழல் சிறையில். மொகதிசுவில் ஓர் அரசு விழுந்து, இருபத்து சொச்சம் ஆண்டுகள் கழித்து அதன் அலை புழலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஈழப் போரைப் பற்றி ஏன் நேரடியாகப் பேசமாட்டேன் என்கிறீர்கள்?

பேசுகிறேன். மேடையில் எதிர்பார்க்கும் விதத்தில் பேசுவதில்லை, கேட்பவர்களுக்கு அதுதான் மனக்குறை என்று நினைக்கிறேன்.

இலங்கை, சோமாலியா மாதிரி நலிந்த அரசு கிடையாது. அங்கே போரை நடத்தியதும் 2009 மே மாதத்தில் அதை அப்படி முடித்ததும் நன்றாக இயங்கிய ஓர் அரசு. மக்களைக் காக்காததற்குப் பலவீனம் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மறுபக்கம், புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் நீதிமன்றம், காவல்துறை, வங்கி எல்லாம் நடத்தினார்கள். ஆனால் அதே பகுதியில் ஆசிரியர்களுக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அரசாங்க அதிபரின் கச்சேரி, அதாவது நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் மாதிரியான மாவட்ட அலுவலகம், இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அழிக்கப் போரிட்டுக்கொண்டே, ஒரே பள்ளிக்கூடத்தை இரண்டு பேருமாக நடத்தினார்கள். கிளர்ச்சி இயக்கங்களின் ஆட்சி முறையைப் படிக்கும் உலக ஆய்வாளர்கள் புலிகள் வசம் இருந்த வன்னிப் பகுதியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

கட்டாய ஆள்சேர்ப்பு, குழந்தைகளைப் படையில் சேர்த்தது, 1990-இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியது ஆகியவற்றையும் அதே மூச்சில் சொல்வேன். பிடிக்காதவர்கள் பாதியில் எழுந்து போவார்கள், போகட்டும்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சங்கடமான கேள்வி, பதிலும் சங்கடமானது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் பராமரிக்கும் தரவுத்தொகுப்பில், ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேர் சண்டையில் இறந்தால் ‘ஆயுத மோதல்’, 1,000 பேர் என்றால் ‘போர்’. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நல்ல தொகுப்பு. ஆனால் இதில் பெரும்பகுதி செய்திகளை நம்பி நிற்கிறது. நிருபர் போகாத ஊரில் இறந்தவர் கணக்கில் வராமலே போகலாம்.

காங்கோவில் 1998 முதல் 2007 வரை 54 லட்சம் பேர் இறந்ததாக ஒரு நிவாரண அமைப்பு மதிப்பிட்டது. அதில் பெரும்பாலோர் குண்டடிபட்டவர்கள் இல்லை, மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் ஊட்டக்குறைவிலும் போனவர்கள். போர் இல்லாவிட்டால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஊகித்து, அதைக் கழித்துத்தான் அந்த எண் வந்தது. ஊகம் கொஞ்சம் நகர்ந்தாலும் விடை லட்சக்கணக்கில் நகரும் என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இன்றைக்கும் பத்திரிகைகள் 54 லட்சம் என்று எழுதுகின்றன. அதன் பின்னால் இருக்கும் இந்தத் தகராறை எழுதுவதில்லை.

இன்னொன்று. 2021-இல் உலகம் முழுக்கக் கொலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,58,000 பேர் என்று ஐ.நா. போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் சொல்கிறது. அதே ஆண்டில் போரிலும் பயங்கரவாதத்திலும் இறந்தவர்களைவிட அது அதிகம். துப்பாக்கிக் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்டியை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. போர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு படித்தால் உலகின் வன்முறையில் பெரும்பங்கு கண்ணில் படாது.

ஐ.நா. அமைதிப்படையை அனுப்பினால் சரியாகிவிடாதா?

கொஞ்சம் உதவும். அதிகச் சிப்பாய்களும் போலீசாரும் போன இடங்களில் பொதுமக்கள் சாவு குறைந்திருக்கிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, பின்னால் வந்தவையும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. இந்தியா இதில் பழைய கை. 2007-இல் லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட காவல் அணியை அனுப்பி 2016 வரை வைத்திருந்தது.

ஆனால் படை சாவைக் குறைக்கும், நிலத்தகராறைத் தீர்க்காது. காங்கோவில் பல சண்டைகளின் அடியில் இருப்பது எந்தக் குடும்பத்துக்கு எந்தக் காடு என்ற கேள்வி. ஜனாதிபதிகளை வைத்து எழுதும் உடன்படிக்கையில் அதற்கு ஒரு பத்திகூட இருப்பதில்லை. கிழக்குக் காங்கோவின் கோமா நகரம் 2012 நவம்பரில் எம்-23 என்ற கிளர்ச்சிப் படையின் கையில் விழுந்தபோதும் ஐ.நா. படை அங்கே இருந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விழுந்தபோதும் இருந்தது.

ஆயுதம் வைத்திருப்பவர்கள் எப்படி உங்களிடம் பேசுகிறார்கள்?

நினைப்பதைவிட எளிதாகப் பேசுவார்கள். தன் கதையைக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பேசப் பிடிக்காது? பேசியதை என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆபத்து.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் முன்னாள் போராளிகளிடம் 2001 முதல் 2006 வரை பேட்டி எடுத்துப் பூட்டி வைத்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்பது வாக்குறுதி. 2011-இல் பிரிட்டிஷ் காவல்துறை அமெரிக்க நீதிமன்றம் வழியாக அந்தப் பேட்டி ஒலிநாடாக்களைக் கேட்டது, ஒரு பகுதி போய்ச் சேர்ந்தது. 2014-இல் அயர்லாந்து அரசியல் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் கைதாகி, விசாரணைக்குப் பின் வழக்கில்லாமல் விடுவிக்கப்பட்டார். அந்த விவகாரத்துக்குப் பிறகு இந்தத் துறையில் பழைய மாதிரி வாக்குறுதி கொடுக்க யாருக்கும் வாய் வருவதில்லை. நான் மாணவர்களிடம் சொல்வது: பேரை எழுதாதீர்கள், ஊரை மாற்றுங்கள், செய்த குற்றத்தை விவரமாகக் கேட்கவே கேட்காதீர்கள். நம்மிடம் இல்லாததை எந்தக் கோர்ட்டும் வாங்க முடியாது.

அப்புறம் உள்ளூர் உதவியாளர் விஷயம். வழி காட்டுவது, மொழிபெயர்ப்பது, யாரை நம்பலாம் என்று சொல்வது எல்லாம் அவர்தான். கட்டுரையில் அவருக்கு அடிக்குறிப்பில் ஒரு நன்றி. நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர் அதே ஊரில் அதே ஆட்களுக்கு நடுவே இருக்கவேண்டும். இந்தத் துறையில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான். கூட்டாசிரியராகப் பேர் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக அவர் வேண்டாம் என்றால் அது வேறு.

பயமாக இல்லையா?

நலிந்த அரசைவிடச் சந்தேகம் பிடித்த பலமான அரசுதான் ஆய்வாளருக்கு ஆபத்து. கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜேனி 2016 ஜனவரியில் கெய்ரோவில் காணாமல் போனார், சில நாளில் சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. அவர் ஆராய்ந்தது தொழிற்சங்கங்களை. மாத்யூ ஹெட்ஜஸ் என்ற இன்னொரு ஆய்வு மாணவர் 2018-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் உளவாளி என்று பிடிக்கப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்று, மன்னிப்பில் வெளியே வந்தார். ஆகவே முதலில் விசாவில் உண்மையைச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுப்பது வீரம் கிடையாது.

நீங்கள் உளவுத்துறைக்கு வேலை செய்கிறீர்களா?

இல்லை. செய்தாலும் இதே பதில்தான் வரும் என்பதால் இந்தக் கேள்வியால் பயனில்லை.

கேட்ட கதைகள் மனசை அழுத்தாதா?

அழுத்தும். பேட்டிகளை எழுத்தாக்கும்போது ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை கேட்கவேண்டியிருக்கும், கேட்டபோது வராத அழுகை அப்போது வரும். தொடர்ந்து பல மணி நேரம் அந்த வேலை செய்யவேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும், தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். இதை நெறியாளரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்றால் நெறியாளரை மாற்றுவதைப் பற்றியும் யோசிக்கலாம்.

என் மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. நேராகச் சொல்கிறேன்: நிரந்தரப் பேராசிரியர் வேலை அரிது, காத்திருப்பு நீளம். தன்னார்வ அமைப்புகள், ஐ.நா. நிறுவனங்கள், செய்தி நிறுவனங்கள், ஆபத்துக் கணிப்பு செய்யும் தனியார் நிறுவனங்கள் என்று மற்ற வழிகள் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை.

படிக்க: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறனியல் துறை இருக்கிறது. அரசியல் அறிவியல், வரலாறு, மானுடவியல், பொருளாதாரம் எதிலிருந்தும் வரலாம். யுஜிசி நெட் தேர்வில் பாதுகாப்பியலும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, விதிப்படி ஆறு ஆண்டு வரை போகலாம். மொழியில் முதலீடு செய்யச் சொல்லுங்கள். காங்கோ, மாலி, ஹைட்டிக்கு பிரெஞ்சு தெரிந்தால் பாதிக் கதவு திறக்கும், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் படிக்கலாம். சூடான், ஏமன், லிபியா என்றால் அரபு. புள்ளியியல் கொஞ்சம் தெரியவேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தெரிவது கட்டாயம், தமிழிலும் எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

பெண் என்பதால் போக முடியாத இடங்கள் உண்டு. பெண் என்பதாலேயே போக முடிகிற வீடுகளும் உண்டு. ஆண் ஆய்வாளர் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு ஊர் பேசியதாக எழுதுவார். பெண் ஆய்வாளருக்குச் சமையற்கட்டுக் கதவும் திறக்கும்.

உங்களைச் சந்தித்து ஆலோசனை கேட்கலாமா?

வாருங்கள். வருவதற்கு முன் ஒரு பக்கத்தில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்த ஊர், அங்கே யாரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள், அந்தப் பதிலால் பதில் சொன்னவருக்கு என்ன கெடுதல் வரக்கூடும். மூன்றாவதற்கு ‘ஒன்றும் வராது’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் என்றால் கடைசித் தேதிக்கு முதல் நாள் வராதீர்கள்.